சாப்பிட்டும் இளைக்கிறவர்கள்

வட இந்தியாவில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிடுகிறார். தென்னிந்தியாவில் அது 25 கிராம். ஒரு சிறிய சப்பாத்திக்குத்தான் அது காணும். டெல்லி எய்ம்ஸின் கோவிந்த் மக்காரியா, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நெடுங்காலம் பணியாற்றிய பி.எஸ்.ராமகிருஷ்ணா ஆகியோரும் இன்னும் பல மருத்துவர்களும் சேர்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வில் இந்தக் கணக்கு இருக்கிறது. அவர்கள் தேடிப் போனது சீலியாக் என்னும் குடல் நோயை. வடக்கு, வடகிழக்கு, தெற்கு என மூன்று பகுதிகளில் 23,000க்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்தார்கள். வடக்கில் ஆயிரத்துக்கு 8.53 பேருக்கு நோய் இருந்தது. வடகிழக்கில் 4.66. தெற்கில் 0.11, அதாவது ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேரில் ஒருவர்.

அப்படியானால் இது நமக்கு வராத நோய் என்று பத்திரிகையை மடித்து வைத்துவிடலாம்தான். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு. சீலியாக் வருவதற்கு எச்.எல்.ஏ. டிகியூ2, டிகியூ8 என்ற மரபணு வகைகளில் ஏதாவது ஒன்று உடம்பில் இருந்தாக வேண்டும். வடக்கில் 38.1 சதவீதம் பேரிடம் அது இருந்தது. தெற்கில் 36.4 சதவீதம் பேரிடம். மரபணுவில் பெரிய வித்தியாசம் இல்லை. நோயிலோ எழுபது மடங்குக்கு மேல் வித்தியாசம். இரண்டுக்கும் நடுவே நிற்பது சோற்றுத் தட்டு.

அந்தத் தட்டு எப்படிப்பட்டது என்று பார்க்க சங்கராபுரம் பக்கம் போகலாம். கள்ளக்குறிச்சியிலிருந்து திருவண்ணாமலை போகிற சாலையில் உள்ள பேரூராட்சி. சுற்றிலும் நெல், கரும்பு, மரவள்ளி. மேற்கே கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினர் வழிவழியாக விதைத்தது சாமை, தினை, கேழ்வரகு. கீழே விளைகிற மரவள்ளிக் கிழங்கு ஜவ்வரிசி ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போகிறது. இதில் எதிலும் குளூட்டன் கிடையாது. கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்றில் உள்ள புரதத்துக்குத்தான் அந்தப் பெயர். பெருநகர அங்காடியில் ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று அச்சிட்டு இருமடங்கு விலைக்கு விற்கிற உணவைத்தான் இந்த வட்டாரம் பெயர் வைக்காமல் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வந்திருக்கிறது. அரிசி மாவுப் பாக்கெட்டின் மேல்கூட அந்த வாசகத்தைப் போடுகிறார்கள். இல்லாத ஒன்றை இல்லை என்று சொல்வதற்கும் காசு!

குளூட்டன் அப்படி என்னதான் செய்கிறது? பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்வதில்லை. மேற்சொன்ன மரபணு உள்ளவர்களிலும் மிகச் சிலருக்குத்தான் வம்பு. குளூட்டன் முழுதாகச் செரிப்பதில்லை. துண்டு துண்டாகச் சிறுகுடலின் சுவருக்குள் நுழைகிறது. அந்தச் சிலரின் நோய் எதிர்ப்பாற்றல் அதை எதிரி என்று தவறாகப் புரிந்துகொண்டு தாக்கத் தொடங்குகிறது. அடி விழுவது சொந்தக் குடலுக்கு. சிறுகுடலின் உள்சுவரில் லட்சக்கணக்கான குடலுறிஞ்சிகள், பூத்துவாலையின் நூல்முனைகளைப் போல எழும்பி நிற்கின்றன. சாப்பாட்டின் சாரத்தை உறிஞ்சி ரத்தத்தில் சேர்ப்பவை அவைதான். விரித்துப் பரப்பினால் குடலின் உட்பரப்பு டென்னிஸ் மைதானம் அளவுக்கு வரும் என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. 2014இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் திரும்ப அளந்தபோது சுமார் 30 சதுர மீட்டர்தான் வந்தது. அதுவே பெரிய பரப்புதான். சீலியாக் வந்தவருக்கு அந்த நூல்முனைகள் தேய்ந்து மொட்டையாகின்றன. பிறகு எவ்வளவு சாப்பிட்டாலும் அதில் ஒரு பங்கு சும்மா கடந்து போய்விடுகிறது.

முதலில் அடிபடுவது சிறுகுடலின் தொடக்கப் பகுதி. இரும்பும் ஃபோலிக் அமிலமும் உறிஞ்சப்படும் இடம் அதுதான் என்பதால் ரத்தசோகை முந்திக்கொள்கிறது. கொழுப்பு சேராதபோது மலம் வெளுத்து, எண்ணெய்ப் பிசுக்கோடு, கடும் நாற்றத்துடன் தண்ணீரில் மிதக்கும். கொழுப்போடு சேர்ந்து பயணிக்கிற ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் போய்விடும். கால்சியம் குறைந்து எலும்பு வலுவிழக்கும். பால் சர்க்கரையைச் செரிக்கிற நொதி குடலுறிஞ்சிகளின் நுனியில் சுரப்பது. நுனி தேய்ந்தால் பாலும் ஒத்துக்கொள்ளாமல் போகும். எடை குறைவது இத்தனைக்கும் சேர்ந்து வருகிற பில். குழந்தையாக இருந்தால் எடை மட்டுமல்ல, உயரமும் நின்றுவிடும். பெண் குழந்தை பூப்பெய்துவது தள்ளிப்போகும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சீலியாக் உள்ள எல்லோரும் எலும்பும் தோலுமாக இருப்பதில்லை. சரியான எடையில், சற்றுப் பருமனாகக்கூட இருப்பவர்கள் உண்டு. ஏறாத ஹீமோகுளோபின் ஒன்றுதான் அவர்களிடம் தெரியும் அடையாளம்.

“நல்லாத்தான் துன்றான், ஒடம்புல ஒட்டவே மாட்டேங்குது.” அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் வரிசையில் பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கும் தாய் இப்படிச் சொன்னால், “பூச்சி மாத்திரை குடுத்தியாம்மா?” என்று நர்ஸ் கேட்பார். கேள்வி சரியானதுதான். சங்கராபுரத்திலோ கல்வராயன் மலைமேல் உள்ள வெள்ளிமலையிலோ ஒருவர் துரும்பாக இளைத்தால், எடுத்த எடுப்பில் சீலியாக்கைச் சந்தேகிக்கும் மருத்துவர் பாடப்புத்தகத்தை மட்டும் படித்தவராக இருப்பார். முதலில் காசநோய். இளைத்துப்போன காசநோயாளிகள் எவ்வளவு எளிதில் இறந்துபோகிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் 2022இல் தமிழ்நாடு ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ தொடங்கி, நோய் கண்டறிந்த உடனே எடையையும் உயரத்தையும் அளந்து, ஆபத்தில் இருப்பவர்களை மருத்துவமனையில் சேர்க்க ஏற்பாடு செய்தது. அடுத்து சர்க்கரை, தைராய்டு, கொக்கிப் புழு, ஜியார்டியா, எச்.ஐ.வி., புற்றுநோய். குடலிலேயே வருகிற காசநோயும் உண்டு. அது சத்து உறிஞ்சாமை நோய்களை அப்படியே நடித்துக் காட்டும்.

சத்து உறிஞ்சாமையைப் பொறுத்தவரை இந்த வட்டாரத்துக்கென்று தனி வரலாறே இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் வட ஆற்காடு மாவட்டத்துக் கிராமங்களில் ஒரு நோய் கொள்ளைநோய் போலப் பரவியது. மாதக்கணக்கில் நிற்காத வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், ரத்தசோகை, உடல் மெலிவு, சாவு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் செல்வின் பேக்கரும் வி.ஐ.மாத்தனும் ஊர் ஊராகப் போய் நோயாளிகளைப் பார்த்துப் பதிவுசெய்தார்கள். ட்ராபிக்கல் ஸ்புரூ என்பது அதன் பெயர். குடலிலிருந்து திசுவை எடுத்து நுண்நோக்கியில் வைத்தால் சீலியாக்கைப் போலவே குடலுறிஞ்சிகள் தேய்ந்து தெரியும். ஆனால் இதற்கும் கோதுமைக்கும் தொடர்பில்லை; சோறு மட்டுமே தின்றவர்களைத்தான் அது வாட்டியது. ஃபோலிக் அமிலமும் பி12-ம் டெட்ராசைக்ளினும் கொடுத்தால் குணமாகும். சீலியாக்கிற்கோ ஆயுள் முழுக்கப் பத்தியம். இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஒருவர் காலத்துக்கும் வீணாகச் சப்பாத்தியைத் தவிர்ப்பார், இன்னொருவர் மாத்திரையை விழுங்கியபடியே மெலிந்துகொண்டு போவார். தண்ணீரும் கழிப்பறையும் மேம்பட்ட பிறகு ஸ்புரூ வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் கழிவுக் கிருமிகள் ஓயாமல் வாய்க்குள் போகிற சூழலில், வயிற்றுப்போக்கே இல்லாமல் குழந்தைகளின் குடல் தேய்வது இன்னும் நடக்கிறது. அதை எட்டு நாடுகளில் ஆராய்ந்த மால்-எட் திட்டத்தில் இந்தியாவுக்கான களம் வேலூர்தான்.

மரவள்ளிக்கும் இதில் ஒரு கிளைக்கதை இருக்கிறது. கேரளத்தில் மருத்துவர் கீவர்கீஸ் நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் ஒரு விநோதத்தைக் கவனித்தார். இளம் வயது, ஒட்டிய கன்னம், கணையத்தில் கல், கூடவே சர்க்கரை. கணையம் கெட்டால் கொழுப்பைச் செரிக்கும் நொதி சுரக்காது. அதுவும் சத்து உறிஞ்சாமையில்தான் போய் முடியும். ஏழைகள் மரவள்ளிக் கிழங்கைத் தின்று பிழைத்த ஊர் என்பதால் கிழங்கில் உள்ள சயனைடு சேர்மத்தின் மேல் சந்தேகம் விழுந்தது. 1979இல் கட்டுரையும் வந்தது. மரவள்ளியே தின்னாதவர்களுக்கும் நோய் இருந்ததும், பின்னாளில் ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் கோளாறு பலரிடம் தென்பட்டதும் கிழங்கின் மேலிருந்த பழியைப் பெரும்பாலும் துடைத்துவிட்டன. சங்கராபுரத்திலும் பக்கத்துச் சின்னசேலத்திலும் மரவள்ளி போடுகிற விவசாயிகளுக்கு இந்த வழக்கு நடந்ததே தெரிந்திருக்காது.

சரி, இவ்வளவு காரணங்கள் வரிசையில் நிற்கும்போது ஒன்பதாயிரத்தில் ஒருவருக்கு வருகிற சீலியாக்கைப் பற்றி இப்போது என்ன பேச்சு? தட்டு மாறிக்கொண்டிருக்கிறது, அதனால்தான்.

அரிசி கிடைக்காத 1960களில் பி.எல்.480 ஒப்பந்தத்தில் அமெரிக்கக் கோதுமை வந்தது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி 1967 தேர்தலின் முழக்கமாகும் அளவுக்கு அன்று அரிசிக்குத் தட்டுப்பாடு. தட்டுப்பாடு போய்விட்டது, கோதுமை தங்கிவிட்டது. இன்று எந்தச் சிற்றூர்ப் பேருந்து நிலையத்திலும் இருட்டியதும் பரோட்டாக் கல்லின் ஓசைதான். சர்க்கரை என்று தெரிந்த மறுநாளே இரவுக்குச் சப்பாத்தி. ரேஷனில் கோதுமை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தின் பட்டியலைப் பார்த்தால் ரவை உப்புமா, சேமியா உப்புமா, கோதுமை ரவைக் கிச்சடி. பசியோடு பள்ளிக்கு வருகிற பிள்ளைக்குச் சூடாக எதையாவது கொடுக்கிற திட்டத்தைக் குறைசொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. நூற்றில் தொண்ணூற்றொன்பது பிள்ளைகளுக்கு அது சத்துதான். ஆனால் இந்தத் தலைமுறையின் கோதுமைக் கணக்கு 25 கிராமில் நிற்காது.

இதைவிட விபரீதம், மெலிந்த உடம்பைத் தேற்றுவதற்கு நாம் கையில் எடுக்கிற பொருள்களில் இருக்கிறது. நோயாளியைப் பார்க்கப் போகிறவர் கையில் ஹார்லிக்ஸ் பாட்டில். அது முளைகட்டிய பார்லியும் கோதுமை மாவும் பாலும் சேர்ந்தது. அங்கன்வாடிச் சத்துமாவிலும் கோதுமை மாவு உண்டு. சவலைப் பிள்ளைக்கு ரவைக் கஞ்சி. வயிறு சரியில்லை என்றால் பார்லித் தண்ணீர், ரொட்டி. ஊருக்கே நல்லது செய்கிற இந்தப் பண்டங்கள், அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் நோயை ஊட்டிக்கொண்டிருக்கும். எடை ஏறவில்லையே என்று இன்னும் ஒரு கரண்டி கூட்டுவார்கள்.

கோதுமைதான் காரணம் என்பது உலகத்துக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. லண்டனில் சாமுவேல் ஜீ 1888இலேயே நோயைத் துல்லியமாக விவரித்துவிட்டார். குணமாவதென்றால் அது உணவால்தான் ஆகும் என்றும் ஊகித்தார். எந்த உணவு என்று பிடிபடவில்லை. 1924இல் அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் வாழைப்பழப் பத்தியம் போட்டுப் பல குழந்தைகளைத் தேற்றினார். பழத்தின் மகிமை என்றே நம்பினார். பத்தியத்தில் ரொட்டி இல்லாமல் போனதை அவர் காரணமாகப் பார்க்கவில்லை. நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கேவுக்குத்தான் உண்மை பட்டது. 1941இலேயே அவர் கோதுமையில்லாப் பத்தியத்தைப் பற்றி எழுதினார். 1944-45 குளிர்காலத்தில் நாஜி முற்றுகையால் அந்நாட்டில் கடும் பஞ்சம், ரொட்டி மறைந்தது. எல்லாக் குழந்தைகளும் வாட, சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். மீண்டும் ரொட்டி வந்ததும் மீண்டும் விழுந்தார்கள். மலத்தில் வெளியேறும் கொழுப்பை அளந்து காட்டி, 1950இல் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டில் டிக்கே அதை நிறுவினார்.

டிக்கேவின் குழந்தைகளுக்கு இல்லாத வசதி இன்று இருக்கிறது. டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்பொருளை அளக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை. அதில் அளவு கூடுதலாக வந்தால் எண்டோஸ்கோபி குழாயை விட்டு முன்சிறுகுடலிலிருந்து சில துணுக்குகள் எடுத்து உறுதிசெய்கிறார்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். யூடியூபில் யாரோ சொன்னார்கள் என்று கோதுமையை நிறுத்திவிட்டு மூன்று நான்கு மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போகிறார்கள். கோதுமையை நிறுத்தினால் ரத்தத்தில் அந்த எதிர்ப்பொருள் குறையும், குடலும் ஆறத் தொடங்கும். பரிசோதனை ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லும். நோய் இருந்ததா இல்லையா என்பதே பிறகு தெரியாமல் போகும். மருத்துவர் மறுபடியும் வாரக்கணக்கில் கோதுமை சாப்பிடச் சொல்லிச் சோதிக்க வேண்டிவரும். சோதித்துவிட்டு நிறுத்துவதே வரிசை. எல்லோரும் ஒருமுறை நிறுத்திப் பார்க்கலாம் என்று நகரத்து உணவு ஆலோசகர்கள் சிலர் சொல்வது, உண்மையான நோயாளிக்குச் செய்கிற கெடுதல்.

நோய் உறுதியான பிறகு, சோறு சாப்பிடுகிற ஊரில் பத்தியம் இருப்பது பஞ்சாபில் இருப்பதைவிட எளிதாகத்தான் இருக்க வேண்டும். இட்லி, பொங்கல், கேழ்வரகுக் களி, சாமைச் சோறு, மரவள்ளி, இடியாப்பம் எல்லாம் சாப்பிடலாம். சிக்கல் சாம்பாரில் வருகிறது. கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் பிசினோடு கலப்பது கோதுமை மாவு அல்லது மைதா. அரிசி மாவு கலந்ததும் கிடைக்கிறது. பாக்கெட்டின் பின்பக்கம் எறும்பு எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இத்தாலியில் கட்டாசி குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாளுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் தொடர்ந்து போனாலே குடல் மறுபடி தேயத் தொடங்குகிறது. அது அரை கிராமுக்குச் சற்று கூடுதலான கோதுமை மாவு. சிட்டிகைக் கணக்கு.

மாவு மில்லில் இந்தச் சிட்டிகை கண்ணுக்கே தெரியும். தூக்குகளும் வாளிகளும் வரிசையில் இருக்கும். கோதுமை அரைத்து முடிந்ததும் மில்காரர் இயந்திரத்தின் வாயில் கட்டிய துணிப்பையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, அடுத்த வாளியிலிருந்து கேழ்வரகைக் கொட்டுவார். முதலில் விழுகிற மாவு வெளுத்திருக்கும். போகப் போகத்தான் கேழ்வரகின் நிறம் தெளிந்து வரும். மற்றவர்களுக்கு அது ஒன்றுமில்லை. சீலியாக் உள்ளவர் வீட்டில் அந்த முதல் கைப்பிடிக்காகவே கேழ்வரகைக் கழுவிக் காயவைத்துச் சொந்த மிக்சியில் அரைக்க வேண்டும். இந்தியாவில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட்டு விற்கக் கூடாது. மில் மாவுக்கு லேபிளும் இல்லை, அளவும் இல்லை.

பத்தியம் பிடித்தால் பலருக்குச் சில வாரங்களிலேயே பசி எடுக்கிறது, வயிறு அடங்குகிறது, எடை ஏறுகிறது. குடலுறிஞ்சிகள் முளைத்து நிமிரக் குழந்தைகளுக்குச் சில மாதம்; பெரியவர்களுக்கு ஓரிரு ஆண்டுகூட ஆகலாம். அதுவரை இரும்பு, ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி என்று மருத்துவர் எழுதித் தருவதைத் தொடர வேண்டும். எலும்பும் தோலுமாக வந்தவருக்கு எடுத்ததும் திணிக்கவும் கூடாது. ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஊர்வாய்தான் பெரிய தொந்தரவு. கல்யாண வீட்டுக் கேசரியை மறுத்தால், “கொஞ்சூண்டு துன்னா என்னா ஆயிடும்?” என்று கேட்க ஆயாவும் அத்தையும் எப்போதும் தயார்.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் அதற்கு அரசு மருத்துவக் கல்லூரியும் கிடைத்தது. முன்பு குடல் நோய் என்றால் புதுச்சேரி ஜிப்மருக்கோ சேலத்துக்கோ பஸ் ஏற வேண்டியிருந்த மக்களுக்கு இது சிறிய விஷயமில்லை. இளைத்தவர்கள் அத்தனை பேருக்கும் டி.டி.ஜி. எடுங்கள் என்று இங்கே யாரும் கேட்கப் போவதில்லை. அது பணத்தை இறைப்பது. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 சுற்றுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அவர்களில் பெரும்பாலோருக்குத் தேவை இரும்பு மாத்திரையும் வயிறார உணவும். ஆனால் மாத்திரையை ஒழுங்காக மூன்று மாதம் விழுங்கியும் ஹீமோகுளோபின் ஏறாதவர் என்று ஒரு பகுதியினர் ஒவ்வோர் ஆரம்பச் சுகாதார நிலையத்தின் பதிவேட்டிலும் இருக்கிறார்கள். ‘மாத்திரையை ஒழுங்கா போடமாட்டேங்குறா’ என்று அவர்கள் மேல் பழி சொல்லி அனுப்புவதற்கு முன் ஒருமுறை குடலைச் சந்தேகித்துப் பார்க்கலாம். சிறுவயதிலேயே இன்சுலின் போடுகிற பிள்ளைகள், வகுப்பில் காரணமில்லாமல் குள்ளமாக நிற்பவர்கள், ஏற்கெனவே நோய் உறுதியானவரின் உடன்பிறந்தோர் ஆகியோருக்குச் சோதனை அவசியம். கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்து, இங்கேயும் ரொட்டி சுட்டுச் சாப்பிடுகிறவர்கள் மெலிந்து வந்து நின்றால், அவர்களுக்குத் தெற்கின் 0.11ஐப் பொருத்திப் பார்ப்பது பிழை. அவர்கள் கூடவே கொண்டு வந்திருப்பது வடக்கின் 8.53.

நோய் உறுதியான குழந்தைக்கு அங்கன்வாடியில் சத்துமாவுக்குப் பதில் கேழ்வரகும் பயறும் கொடுக்கலாம். பள்ளியில் உப்புமா நாளன்று அந்த ஒரு பிள்ளைக்குப் பொங்கல் வைக்கச் சமையலருக்கு எழுத்தில் உத்தரவு இருக்கலாம். அப்படி நோய் உறுதியான பிள்ளைகள் மாவட்டத்துக்குச் சிலர்தான் இருப்பார்கள். அரிசியும் பருப்பும் அதே கூடத்தில்தான் இருக்கின்றன.